கெட்டிமேளத்துக்கு எந்தக் கேமரா?

"அண்ணே, மேனுவல் வாங்கவா, ஆட்டோ வாங்கவா?"

ஃபிலிம் கேமரா தேடிக் கடைக்கு வரும் பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எதை ஆட்டோ என்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். வெளிச்சத்தை அளந்து ஷட்டரையோ அபர்ச்சரையோ தானே வைத்துக்கொள்வதையா? ஃபோகஸைத் தானே பிடிப்பதையா? ஃபிலிமைத் தானே ஏற்றித் தானே சுற்றிக்கொள்வதையா? எஸ்எல்ஆர் கேமராவுக்குள் இவை மூன்றும் தனித்தனி வேலைகள். வந்து சேர்ந்ததும் தனித்தனியாகத்தான். 1976-ல் வெளிவந்த கேனன் ஏஇ-1, வெளிச்சத்தை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஃபோகஸும் ஃபிலிம் சுற்றுவதும் நம் விரலில்தான் இருந்தன. ஆட்டோஃபோகஸை உடம்புக்குள்ளேயே வைத்து வந்த மினோல்டா 7000-க்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் வாங்குகிறவர்களுக்குக் குழப்பம்.

இந்த மூன்றில் எதைக் கேமராவிடம் விட்டுவிடலாம், எதை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் பையனாகச் சேர்ந்து, கல்யாணப் படம் எடுத்து, டிஜிட்டல் வந்து எல்லோரும் ஃபிலிமைக் கைகழுவிய பிறகு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டவன் நான். படம் எடுக்கிறவனின் கணக்கு வேறு, பழுது பார்க்கிறவனின் கணக்கு வேறு. எனக்குள்ளேயே அவர்கள் இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில் கல்யாணக் கணக்கு.

ஃபிலிம் காலம் முடிகிற வரைக்கும் எங்கள் பக்கத்து மண்டபங்களில் மேனுவல் கேமராதான் அதிகம். பெண்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, கொஞ்சம் காசு பார்த்தவர்களிடம் நிக்கான் எஃப்எம்2, 1995-க்குப் பிறகு நிக்கான் எஃப்எம்10. ஏழ்மையால் அப்படி என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. 1991-க்கு முன்னால் நல்ல கேமரா வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜாருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். கிடைத்ததை வாங்கினோம். ஆனால் கடைகளில் எல்லாம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் மேனுவலை விடவில்லை என்றால் வேறு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் காரணம் ஃபிளாஷ். மண்டபத்துக்குள் படத்துக்கு வெளிச்சம் தருவது ஃபிளாஷ்தான். கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டர், ஃபிளாஷ் அடிப்பதற்கு முன்னால் அங்கே கிடக்கும் டியூப்லைட் வெளிச்சத்தைத்தான் பார்க்கும். அதை வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஷட்டரை ஃபிளாஷுக்கு ஒத்துப்போகும் வேகத்தில் நிறுத்திவிட்டால், பிறகு அபர்ச்சரைத் தீர்மானிப்பது தூரம் ஒன்றுதான். விவிடார் 283 ஃபிளாஷின் கைடு நம்பர் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு அடிக்கணக்கில் 120. பதினைந்தடியில் ஆள் நின்றால் 120-ஐ 15-ஆல் வகுத்து எஃப் 8. பத்தடியில் நின்றால் எஃப் 11. வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு மீட்டர் எதற்கு? வாய்ப்பாட்டிலும் சோம்பல்படுகிறவனுக்கு அந்த ஃபிளாஷிலேயே சென்ஸார் இருந்தது. ஆளின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் தானே அணைந்துகொள்ளும். ஆக, எங்களிடம் ஆட்டோ இருந்தது. கேமராவில் இல்லை, அதன் தலைமேல் இருந்தது. லென்ஸ் வழியே ஃபிளாஷை அளக்கும் டிடிஎல் முறை பிறகு வந்தது. அதற்கென்றே தனி ஃபிளாஷ் வாங்க வேண்டும், விலை அதிகம். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்தால் அதுவும் ஏமாறும்.

கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் என்ன நடக்கும் என்று தெரியுமல்லவா. தவில் முழங்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், மாப்பிள்ளையின் கைக்கும் லென்ஸுக்கும் நடுவில் யாராவது ஒரு சித்தப்பாவின் முழங்கை வரும். அந்தச் சில நொடிகளில் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. 35 மில்லிமீட்டர் லென்ஸைப் பத்தடியில் நிறுத்தி எஃப் 8 வைத்துவிட்டால், ஆறடியிலிருந்து இருபதடிக்கு மேல்வரை எல்லாம் தெளிவாக விழும். இது கண்ணால் பிடிக்கும் ஃபோகஸ் இல்லை, கணக்கால் பிடிப்பது. பறக்கிற அரிசியில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் அந்தக் காலத்து ஆட்டோஃபோகஸை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு ஓடாது.

மோட்டார் வைத்துப் படபடவென்று எடுக்கலாமே என்றால், அதற்கும் ஃபிளாஷ்தான் முட்டுக்கட்டை. முழு வீச்சில் அடித்த ஃபிளாஷ் மறுபடி நிரம்பப் பத்து நொடிகூட ஆகும். முதல் முடிச்சுக்கு ஒன்று, நாத்தனார் போடும் மூன்றாவது முடிச்சுக்கு ஒன்று என்று திட்டம் போட்டுத்தான் அடிக்க வேண்டும். கட்டைவிரலால் லீவரைத் தள்ளுவதற்கு அங்கே நேரம் தாராளமாகவே இருந்தது.

சரி, மேனுவல் எல்லாம் ஒன்றுதானே, எஃப்எம்2-க்கு ஏன் அவ்வளவு விலை? அதற்கும் ஃபிளாஷ்தான் பதில். கே1000-ல் துணித்திரை ஷட்டர் பக்கவாட்டில் ஓடும். ஃபிளாஷுக்கு ஒத்துப்போகும் அதிக வேகம் 1/60. டயல் தவறி 1/125-க்குப் போனால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். 1982-ல் வந்த எஃப்எம்2-ல் உலோகத் தகடுகள் செங்குத்தாக ஓடுகின்றன. முதல் வடிவில் 1/200, திருத்திய வடிவில் 1/250 வரை ஃபிளாஷ் போடலாம். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம். தாலி கட்டி முடிந்து, உச்சி வெயிலில் மணமக்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்க ஃபிளாஷ் போடும்போதுதான் தெரியும். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு அந்த வெயிலில் 1/60 வைத்தால் எஃப் 22. 120-ஐ 22-ஆல் வகுத்தால் ஐந்தரை அடி. அதற்கு மேல் ஃபிளாஷ் எட்டாது. மணமக்களின் மூக்கருகில் போய் நிற்க வேண்டும். 1/250 வைத்தால் எஃப் 11, பதினோரு அடி வரை எட்டும். இரண்டு பேரையும் பாதம் வரைக்கும் எடுக்கலாம். எஃப்எம்2 வைத்திருந்தவர்கள் அவுட்டோருக்குத் தனிக் கட்டணம் கேட்டதன் ரகசியம் இதுதான். அந்த 1/4000 வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். நான் அதைத் தொட்டதே அபூர்வம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேனுவலில் எடுத்துத்தான் எக்ஸ்போஷரைக் கற்றுக்கொண்டோம் என்று எங்கள் தலைமுறை சொல்வதில் கொஞ்சம் கப்ஸா உண்டு. கலர் நெகட்டிவ் மகா பொறுமைசாலி. ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் ஓவராகப் போனாலும் தாங்கும். மிச்சத்தை லேபில் பிரிண்ட் போடுகிறவர் சரிசெய்துவிடுவார். எங்கள் தப்புகளையெல்லாம் மூடி மறைத்தவர்கள் அந்த லேப்காரர்கள்தான். எக்ஸ்போஷர் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பது பத்திரிகை அட்டைக்காக ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தபோது வெளிப்பட்டது. அதில் அரை ஸ்டாப் பிசகினாலே முகம் வெளுத்துவிடும். அங்கே யாராலும் காப்பாற்ற முடியாது. மேனுவல் கேமராவை வாங்கிவிட்டால் வித்தை தானாக வரும் என்று நம்பி வரும் தம்பிகளிடம் இதைச் சொன்னால் முகம் வாடுகிறது.

வெளிச்சத்தைக் கேமராவிடம் விடலாமா என்றால், மண்டபத்துக்கு வெளியே தாராளமாக விடலாம். அபர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் முறைதான் என் கைக்குப் பிடித்தது. நிக்கான் எஃப்இ2 அப்படிப்பட்டது. கோயில் பிரகாரத்தில் நிழலும் வெயிலும் மாறி மாறி வரும்போது முள்ளைப் பார்த்து டயலைத் திருகுவதற்குள் பாட்டி தூணைக் கடந்து போய்விடுவார். ஆனால் எந்த மீட்டரும் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி வரிசையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும். பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் நீரின் பளபளப்பு பின்னால் இருக்க ஆளை நிறுத்தினால் முகத்தைக் கரியாக்கும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிக்கொள்ளும் வசதி அந்தக் கேமராவில் இருக்கிறதா, அது விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபிலிமை ஏற்றுவதும் சுற்றுவதும்தான் கேமராவிடம் முதலில் ஒப்படைக்க வேண்டிய வேலை என்பது என் கட்சி. இதில் எந்தக் கலையும் இல்லை, ஆபத்து மட்டும்தான் உண்டு. மேனுவல் கேமராவில் ஃபிலிமின் முனை பற்களில் சரியாக மாட்டாவிட்டால், லீவரும் சுற்றும், ஷட்டரும் அடிக்கும், எண்ணும் ஏறும். ஃபிலிம் மட்டும் நகராது. ரிசப்ஷன் முழுக்க எடுத்து முடித்து, கழுவினால் வெற்று ரோல். இப்படி வெற்று ரோலோடு பெண் வீட்டார் முன்னால் நின்றவர்களை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். லீவரைத் தள்ளும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் எந்த ஸ்டுடியோவிலும் முதல் பாடமே தொடங்கும். கேனன் இஓஎஸ் 300 போன்ற கேமராவில் இந்தக் கவலையே கிடையாது. மூடியதும் ஃபிலிம் முழுவதையும் வெளியே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பிறகு எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். நடுவில் யாராவது பின்மூடியைத் திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் டப்பாவுக்குள் பத்திரம். இதைச் செய்த எஞ்சினியர் ஏதோ ஒரு கல்யாணத்தில் அடிவாங்கியவராக இருக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இந்த வசதிக்கு எதிராக ஒன்றே ஒன்று உண்டு. ஃபிலிம் டப்பாவின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டம் போட்டிருக்குமே, அந்த டிஎக்ஸ் குறியீடு 1983-ல் வந்தது. ஆட்டோ கேமரா அதைத் தொட்டுத்தான் ஃபிலிமின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். அந்த நாளில் ஸ்டுடியோக்காரர்கள் ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' கறுப்பு-வெள்ளை ஃபிலிமை நீள ரோலாக வாங்கி, இருட்டறையில் வெட்டிப் பழைய டப்பாக்களில் அடைத்துக்கொள்வார்கள். இப்போது பிள்ளைகள் சினிமா ஃபிலிமை வெட்டி அடைத்து விற்பதை வாங்குகிறார்கள். அந்த டப்பாவில் பல சமயம் கட்டம் இருக்காது. சில மலிவு ஆட்டோ மாடல்களில் வேகத்தைக் கையால் மாற்ற வழியே இல்லை, 100 என்று தானே எடுத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் கண் டாக்டர் சொல்வதுதான் சட்டம். இருபது வயதில் வியூஃபைண்டர் நடுவில் உடைந்து தெரியும் பிம்பத்தை ஒட்டவைப்பது சுகமான வேலை. வெள்ளெழுத்து விழுந்த பிறகு அது தண்டனை. வெளிச்சம் குறைவாக வாங்கும் ஜூம் லென்ஸ் போட்டால் அந்த வட்டத்தில் பாதி கறுத்துவிடும், நல்ல கண்ணுக்கும் கஷ்டம். ஐம்பதைத் தாண்டியவர்கள் எஃப்எம்2 கேட்டால் நானே தடுத்துவிடுவேன்.

இதுவரை பேசியவன் படம் எடுத்தவன். இனிப் பழுது பார்க்கிறவன்.

என் மேசைக்கு வரும் மெக்கானிக்கல் கேமராவுக்கு நோய் படிப்படியாகத்தான் வந்திருக்கும். எண்ணெய் காய்ந்து, ஒரு செகண்ட் ஷட்டர் ஒன்றரை செகண்டாகும். பின்மூடியின் பஞ்சு தார் போல இளகி வெளிச்சம் கசியும். கண்ணாடி வந்து மோதும் இடத்துப் பஞ்சு உதிரும். எல்லாவற்றையும் கழற்றலாம், கழுவலாம், மாற்றலாம். பாகம் வேண்டுமென்றால் செத்த கே1000 ஒன்றை அறுத்துக்கொள்ளலாம். 1976-லிருந்து 1997 வரை முப்பது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

எலெக்ட்ரானிக் கேமரா நேற்றுவரை அருமையாக ஓடும், இன்று காலை அசையாது. அதிலும் வகைகள் உண்டு. மினோல்டா எக்ஸ்-700-ல் லீவர் இறுகி ஷட்டர் அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அடியில் இருக்கும் கெப்பாசிட்டர்தான். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், பற்றவைத்தால் உயிர் வந்துவிடும். ஏஇ-1-ல் பொத்தானை அழுத்தும்போது இளைப்பு வந்த மாதிரி இழுத்துச் சத்தம் கேட்டால், கண்ணாடியை இயக்கும் சக்கரங்களில் எண்ணெய் வற்றியிருக்கிறது. ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். இஓஎஸ் வரிசையின் பழைய மாடல்களில் ஷட்டரைத் தாங்கும் சின்ன ரப்பர் இளகி, தகடுகளில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பாதிப் படம் இருட்டாகும், கடைசியில் பேட்டரி தீர்ந்த மாதிரி அறிவிப்பு மின்னும். பொறுமையாகத் துடைத்தால் சில பிழைக்கும். ஐசி போய்விட்டால் மட்டும் நான் கையை விரித்துவிடுவேன். அதைச் செய்து தருகிறவர்கள் உலகத்தில் இல்லை.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம்தான் இந்த வித்தியாசம் மேசை முழுக்கக் கிடக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் பக்தர்கள் தோல் பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். படம் எடுக்கப் போகிறவன் அந்த மழைக்குள்தான் நிற்க வேண்டும். நனைந்த எஃப்எம்2-வை அன்றே கொண்டுவந்தால் திறந்து, ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டுத் தந்துவிடுவேன். நனைந்த ஆட்டோ கேமராவில் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்திருப்பார்கள், அதோடு சர்க்யூட் பச்சை பூத்துவிடும். அரிசிக்குள் புதைத்து வைத்தோம் அண்ணே என்பார்கள். அரிசிதான் வீண்.

பேட்டரி இன்னொரு தலைவலி. கே1000-க்கும் எஃப்எம்2-க்கும் வேண்டியது எல்ஆர்44 பொத்தான் பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் மீட்டர்தான் தூங்கும், ஷட்டர் ஓடும். கே1000-ல் மீட்டரை அணைக்கத் தனிச் சுவிட்ச் இல்லை, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நிற்கும். பழைய பாதரச பேட்டரிக்காகச் செய்த 1960-கள் காலத்துக் கேமராக்களுக்குக் காது கேட்கும் கருவியில் போடும் 675 பேட்டரியைப் போட்டு ஓட்டலாம். வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஆனால் இஓஎஸ் 5-க்கு வேண்டிய 2சிஆர்5-ஐ மதுரையிலேயே தேடித்தான் வாங்க வேண்டும், உசிலம்பட்டியில் கேட்டுப் பாருங்கள். பென்டார்ச் பேட்டரி நான்கில் ஓடும் நிக்கான் எஃப்-801 மேல் எனக்கு மரியாதை வந்ததே இதனால்தான். பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டு வேலையைப் பார்க்கலாம்.

எனக்குள் சண்டை போடும் இருவரும் ஒத்துக்கொள்ளும் கேமரா ஒன்று உண்டு, 2001-ல் வந்த நிக்கான் எஃப்எம்3ஏ. பேட்டரி இருந்தால் ஷட்டர் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும், இல்லாவிட்டால் எல்லா வேகமும் மெக்கானிக்கலாக ஓடும். 2006-ல் நிறுத்திவிட்டார்கள். இன்று அதன் விலையைச் சொன்னால் பெற்றவர்கள் என்னைத் திட்டுவார்கள். அதற்கு அடுத்தது எஃப்இ2. பேட்டரி செத்தாலும் 1/250 என்ற ஒரு வேகம் மட்டும் கையில் நிற்கும். வெயிலில் அது போதும்.

மற்றபடி வீட்டில் கேனன் டிஜிட்டல் கேமராவும் 50 மில்லிமீட்டர் இஎஃப் லென்ஸும் இருக்கிற பிள்ளைகளிடம் கே1000 பேச்சையே எடுக்க விடுவதில்லை. அந்த லென்ஸ் அப்படியே மாட்டும் இஓஎஸ் 300 உடம்பு, கே1000 விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். டயலை எம்-ல் வைத்தால் அதுவும் மேனுவல்தான். அபர்ச்சரை மூடிப் பார்த்து எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு வரும் என்று காட்டும் வசதி அதில் உண்டு, மாணவர் கேமரா என்று பெயரெடுத்த கே1000-ல் கிடையாது. பழுதானால் என்னிடம் கொண்டுவராதே, அதே காசுக்கு இன்னொன்று வாங்கிக்கொள் என்று சொல்லியே அனுப்புகிறேன். தொழிலுக்கு விரோதமான பேச்சுதான்.

மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு, கடையில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம், நடுவில் இருந்தால் வேண்டாம். பின்மூடியைத் திறந்து, டயலை ஒரு செகண்டில் வைத்து அடித்து, உள்ளே ஓடும் பல்சக்கரச் சத்தம் நடுவில் திணறாமல் முடிகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு 1/1000-ல் வைத்து, பின்பக்கம் வழியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடித்தால், சட்டம் முழுவதும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் திரைகள் சேர்ந்து ஓடவில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் பாதிப் பணம்தான் கொடுங்கள். ஒரு ரோல் போட்டு எடுத்து, கழுவி, நெகட்டிவைக் கண்ணால் பார்த்த பிறகு மீதி. இதற்கு ஒத்துக்கொள்ளாத வியாபாரியிடம் எஃப்எம்2 இருந்தாலும் வாங்க வேண்டாம்.